வாசகர் கேள்வி – பதில்: நெருங்கினவரிடம் எப்படிக் கேட்பது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே தயக்கம்: "அவரிடம் போய் இதை எப்படிக் கேட்பது?" அதனால் தொகை, திகதி, முறை எல்லாவற்றையும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறோம். கையில் கணக்கு இருந்தால் வாய் கொஞ்சம் திறக்கும்.

கேள்வி: பழைய பள்ளித் தோழனின் கணினிக் கடையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். பம்பலப்பிட்டியில் ஒன்பது பேர் உள்ள சிறிய இடம். மாதம் 75,000 ரூபா தருகிறான். அதில் 45,000 அடிப்படை, 30,000 அலவன்ஸ் என்று வவுச்சரில் எழுதுவான். ஈ.பீ.எஃப் இன்னும் தொடங்கவில்லை. கேட்டால் நட்பு முறியுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், கிருலப்பனை

பதில்: ஒன்பது பேர் என்ன, ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் ஈ.பீ.எஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி கட்டியாக வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது பொருந்தும். "புரொபேஷன் முடியட்டும்" என்று தள்ளிப்போட இடமில்லை. ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம் சேர்த்து, அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் கட்ட வேண்டும். இதைவிட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதம் இருக்கிறது. அது முழுக்க முதலாளியின் கையிலிருந்து போக வேண்டியது.

சிறிய கடைகளில் வழக்கமாகத் தப்பு நடக்கும் இடம் அந்த வவுச்சர்தான். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கட்டினால் போதும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாழ்க்கைச் செலவுப் படியும் அதைப் போன்ற படிகளும், கமிஷனும், விடுமுறைச் சம்பளமும் கணக்கில் வரும். ஓவர்டைம் வராது. பெற்றோல் பில்லைக் காட்டி வாங்கும் காசும் வராது. உங்கள் 30,000 எதற்கான அலவன்ஸ் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? பெயர் ஒன்றும் இல்லாமல் மாதா மாதம் ஒரே தொகையாக வந்தால் அதையும் சம்பளத்தோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

75,000க்கு உங்கள் 8 வீதம் 6,000. அவனுடைய 12 வீதம் 9,000. மாதம் 15,000, முப்பத்தாறு மாதத்துக்கு 540,000. நம்பிக்கை நிதியம் மாதம் 2,250, முப்பத்தாறு மாதத்துக்கு 81,000. வெறும் அடிப்படைச் சம்பளத்துக்குக் கட்டியிருந்தால் 540,000 என்பது 324,000 ஆகிவிடும். ஒரு அலவன்ஸ் என்ற சொல்லுக்குள் 216,000 ரூபா ஒளிந்திருக்கிறது பாருங்கள். இவை வட்டி சேராத தொகைகள்.

இன்னொன்று. உங்கள் சம்பளத்தில் பிடிக்காமல் விட்ட 8 வீதத்தையும் சேர்த்து முழு 20 வீதத்தையும் நிதிக்குக் கட்ட வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. பிந்தினால் தாமதத்துக்கு ஏற்ப 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் ஏறும். ஆகவே நீங்கள் வாய் திறக்காத ஒவ்வொரு மாதமும் உங்கள் தோழனுக்கும்தான் நட்டம். கதையை இந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். "மச்சான், ஈ.பீ.எஃப் விசயம் ஒண்டு கதைக்கோணும். இந்த மாசத்திலயிருந்து தொடங்குவம். பழசுக்கு கணக்காளரிட்டக் கேட்டு ஒரு வழி பண்ணுவம்." இவ்வளவு போதும். சம்பள நாளில் கேட்க வேண்டாம், ஒன்றாகத் தண்ணி போடும் இரவிலும் வேண்டாம். அன்று பின்னேரமே "கதைத்தபடி இந்த மாதம் தொடங்குகிறோம் தானே" என்று ஒரு வட்ஸ்அப் செய்தியும் போட்டுவிடுங்கள். பிறகு யாரும் மறந்துவிட்டதாகச் சொல்ல மாட்டார்கள்.

"நீ ஊழியன் இல்லை, கன்சல்டன்ட்" என்று பதில் வரலாம். அவன் சொன்ன நேரத்துக்குப் போய், அவன் சொன்ன வேலையை, அவனுடைய கடையில், அவனுடைய கருவிகளோடு செய்கிறவர் ஊழியர்தான். எந்தப் பெயரில் கடிதம் கொடுத்தாலும் அது மாறாது.

எதற்கும் அசையவில்லை என்றால் நாரஹேன்பிட்ட தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வவுச்சர்கள், சம்பளம் வங்கிக்கு வந்திருந்தால் அந்தக் கூற்று, கடையின் சரியான பெயரும் விலாசமும், நீங்கள் சேர்ந்த திகதி ஆகியவை வேண்டும். வவுச்சர்களை இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். மனஸ்தாபம் வந்த பிறகு கோப்பு கையில் கிடைக்காது.

வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை வேறு விசயம். 1983ஆம் ஆண்டுச் சட்டம் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று வைத்திருக்கிறது. ஒன்பது பேர் உள்ள கடையை அந்தச் சட்டம் நேரடியாகப் பிடிக்காது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக் கேட்டீர்களென்றால் "அதெல்லாம் நமக்கு இல்லை" என்று ஒரே பதிலில் இரண்டையும் தட்டிவிடுவான்.

கேள்வி: அலுவலக நண்பர் ஒருவரின் வாப்பா காலமாகிவிட்டார். மறுநாள் மலர்வளையத்தோடு போனோம், அடக்கம் முடிந்திருந்தது. வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனாலும் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று தோன்றுகிறது.
– வாசகர், தெஹிவளை

பதில்: தப்பு ஒன்றுமில்லை, பிந்திவிட்டீர்கள். முஸ்லிம்கள் ஜனாஸாவை முடிந்தவரை விரைவாக அடக்குவார்கள். காலையில் மௌத்தானால் பெரும்பாலும் அன்றைக்கே அஸர் (பின்னேரம்) தொழுகைக்கோ மஃரிப் (மாலை) தொழுகைக்கோ பிறகு குப்பியாவத்தையிலோ ஜாவத்தையிலோ அடக்கம் முடிந்துவிடும். செய்தி கேட்டவுடன் அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே போவதுதான் முறை. "எல்லோரும் சேர்ந்து நாளைக்குப் போவோம்" என்பது இங்கே சரிவராது. மலர்வளையம் வேண்டாம். பெண்கள் தலையை மூடிக்கொண்டு உள்ளே பெண்கள் பக்கம் போகலாம். மையவாடிக்கு வழக்கமாக ஆண்கள்தான் போவார்கள். நீங்களும் கூட நடக்கலாம்.

நண்பரின் உம்மா இப்போது இத்தாவில், அதாவது வீட்டோடு துக்கம் காக்கும் காலத்தில் இருப்பார். கணவனை இழந்தவருக்கு அது நாலு மாதமும் பத்து நாளும். அந்த நாட்களில் அவரை நேரில் பார்த்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்று ஆண்கள் நிற்கக் கூடாது, மகனிடம் சொன்னால் போதும்.

சிங்கள நண்பர் வீட்டுச் சாவுக்கு வேறு கணக்கு. அங்கே ஏழாம் நாள், மூன்றாம் மாதம், ஒரு வருடம் என்று தானம் இருக்கும். பிக்குமார் நண்பகலுக்கு முன் உணவை முடித்துவிட வேண்டும் என்பதால் பத்து மணிக்கே வெள்ளை உடுப்போடு போய்விடுங்கள். பன்னிரண்டரைக்குப் போனால் பாத்திரம் கழுவத்தான் உதவலாம். அதுவும் நல்ல உதவிதான்.

கேள்வி: அலுவலகத்தில் 12 பேர் சேர்ந்து மாதம் 10,000 ரூபா குலுக்கல் சீட்டு. நான்தான் பிடிக்கிறேன். இரண்டாம் மாதம் எடுத்த தோழி நாலு மாதம் கட்டிவிட்டு நிறுத்திவிட்டாள். "அடுத்த மாதம் தாறன்" என்கிறாள். மற்றவர்கள் என்னைப் பிடிக்கிறார்கள்.
– வாசகி, மருதானை

பதில்: அவள் 120,000 எடுத்திருக்கிறாள், 40,000 கட்டியிருக்கிறாள். மிச்சம் 80,000, எட்டு மாதத்தின் கட்டு. இனி ஒவ்வொரு மாதமும் எடுப்பவருக்கு 120,000க்குப் பதிலாக 110,000தான் சேரும்.

முதலில் ஒரு கேள்வி: முதல் சீட்டை எடுத்தது நீங்களா? பல இடங்களில் குலுக்காமலே முதல் சீட்டை பிடிப்பவருக்குக் கொடுப்பார்கள். அது சும்மா கிடைக்கும் சலுகை இல்லை, யாராவது விழுந்தால் தாங்கிப் பிடிப்பதற்கான கூலி. அப்படி எடுத்திருந்தால் மாதம் 10,000 குறைவதை நீங்கள் போட்டு நிரப்பிவிட்டு அவளிடம் தனியாக வசூலிப்பதே நியாயம். எடுக்கவில்லை என்றால் பன்னிரண்டு பேரையும் கூட்டி இருத்தி, மிச்சம் எட்டுப் பேரும் இப்போதைக்கு 110,000 எடுப்பது, அவள் கட்டக் கட்ட வரிசைப்படி 10,000 கொடுத்து முடிப்பது என்று பேசுங்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சமாதானம் சொல்லிக்கொண்டு திரிந்தால் எட்டு விதமான கதை உருவாகும்.

அவளிடம் "எப்ப தருவாய்" என்று கேட்காதீர்கள். "வேற எத்தனை சீட்டுக் கட்டுறாய்?" என்று கேளுங்கள். இப்படி நடுவில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் ஒரு சீட்டை எடுத்து இன்னொரு சீட்டைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள்தான். மாதம் 10,000 முடியாமல்தானே நிறுத்தினாள். 4,000 வீதம் இருபது மாதம் என்றால் ஒருவேளை முடியும். எட்டு மாதத்தில் வராத 80,000ஐ விட இருபது மாதத்தில் வருகிற 80,000 மேல்.

பேசி முடித்ததை அப்போதே எழுதுங்கள். அவளுடைய முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், "12 பேர் சீட்டில் நான் கட்ட வேண்டிய மிச்சம் ரூபா 80,000", மாதத் தொகை, கட்டும் திகதி, அவளுடைய கையெழுத்து, இரண்டு சாட்சி. எழுதி வாங்கிய வாக்குறுதிக்கு நம் நாட்டில் வழக்குப் போட 6 வருடம் இருக்கிறது, வாய்ப்பேச்சுக்கு 3 வருடம்தான். பிறகும் வரவில்லை என்றால் முதலில் போக வேண்டிய இடம் பொலிஸ் அல்ல, உங்கள் பகுதி மத்தியஸ்த சபை. இந்த அளவு தொகைக்கு அங்கே போகாமல் நேரே நீதிமன்றம் போகவும் முடியாது. பெரும்பாலும் சனி, ஞாயிறில் ஏதாவது பாடசாலையில் கூடுவார்கள். சட்டத்தரணி இல்லை, இரண்டு பக்கமும் நேரில் இருந்து பேச வேண்டும். இணக்கம் வராவிட்டால் வரவில்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டுதான் வழக்கு.

அடுத்த சீட்டுக்கு இரண்டே விதி. முதல் மூன்று சீட்டும், கூட்டத்திலேயே ஒருவர் யாருக்காகப் பிணை நிற்கிறாரோ அவருக்கு மட்டும். கட்டும் நாள் சம்பளத்துக்கு மறுநாள். 25ஆம் திகதி சம்பளம் வருகிற இடத்தில் 5ஆம் திகதி சீட்டு வைத்தால் அதற்குள் காசு கரைந்திருக்கும்.

கேள்வி: 58 வயது. எட்டு வருடமாக நீரிழிவு. மெட்ஃபோமினும் கிளிக்ளசைட்டும் எடுக்கிறேன். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இரவில் பாலும் பழமும் மட்டும் என்று முப்பது வருடமாகப் பிடிக்கிறேன். போன முறை நாலாம் நாள் வேலை விட்டு வரும்போது பஸ்ஸில் கை நடுங்கி, உடல் வியர்த்துக் கொட்டியது. விரதத்தை விட மனமில்லை.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அது களைப்பு இல்லை, சீனி இறங்கியது. காரணம் பெரும்பாலும் அந்த இரண்டாவது குளிசை. மெட்ஃபோமின் தனியாக இருந்தால் சீனியை அப்படி விழுத்துவது அரிது. கிளிக்ளசைட் அப்படியல்ல, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே விடச் சொல்லும். காலையில் வழக்கம் போலக் குளிசையைப் போட்டுவிட்டு இரவு வரை வயிறு காய்ந்தால் பின்னேரம் நாலு, ஐந்து மணிக்கு அது விழுத்தும். உங்களுக்கு நடந்த நேரமும் அதுதான்.

ஐப்பசி அமாவாசைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே மருத்துவரிடம் போய் "விரதம் இருக்கலாமா" என்று கேட்காமல் "இந்த ஆறு நாளும் இன்ன நேரத்தில் இன்னது மட்டும் சாப்பிடுவேன்" என்று சொல்லுங்கள். முதல் கேள்விக்கு "வேண்டாம்" என்று பதில் வரும். இரண்டாவதற்குக் குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவாரா, இல்லை உங்கள் உடம்புக்கு இது கூடவே கூடாதா என்று தெளிவாகச் சொல்வார். கூடாது என்றால் கூடாதுதான். குளிசையை நீங்களாகக் குறைக்கவோ விடவோ வேண்டாம்.

அவர் சம்மதித்தால் குளுக்கோமீற்றரைக் கைப்பையில் வையுங்கள். எழும்பியதும், மத்தியானம், பின்னேரம் நாலு மணிக்கு, சாப்பிடுவதற்கு முன் என்று நாலு தரம் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே போனால் அந்த நிமிடமே விரதம் முடிந்தது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தரம். ஏறியபின் ஏதாவது சாப்பிடுங்கள், சீனித்தண்ணீர் மட்டும் நிற்காது. 300க்கு மேல் போனாலும் விரதத்தை முடித்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியில் ஐந்தரை மணிக்கு நின்றுகொண்டு வருவது நல்ல உடம்புக்கே சோதனை. அந்த ஆறு நாளும் அரை மணி முந்தி வெளிக்கிட அனுமதி கேளுங்கள். பக்கத்து மேசைக்காரருக்கும் விசயம் தெரிந்திருக்க வேண்டும்.

மனதுக்கு: ஆறு நாளும் உபவாசம் முடியாதவர் முதல் ஐந்து நாளும் ஒரு பொழுது உண்டு ஆறாம் நாள் மட்டும் உபவாசம் இருப்பது சைவ மரபிலேயே உள்ள வழி. முருகனிடம் சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம், ஏற்கெனவே தரப்பட்டிருக்கிறது. பாறணை அன்று நாலு வடையோடு தொடங்காமல் இருப்பதுதான் அதைவிடக் கடினமான விரதம்.

கேள்வி: மகள் கத்தோலிக்கப் பையனை விரும்புகிறாள், எங்களுக்கும் சம்மதம். காலையில் கோயிலில் தாலி, பின்னேரம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் கல்யாணம் என்று திட்டம். பாதர் ஏதோ வாக்குறுதி என்கிறார். மகள் மதம் மாற வேண்டுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மாற வேண்டியதில்லை. திருமுழுக்குப் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணப்பதற்கு ஆயரின் விதிவிலக்கு அனுமதி வேண்டும். அது இல்லாமல் நடந்தால் திருச்சபையின் கணக்கில் அது திருமணமே இல்லை. அந்த அனுமதிக்காகப் பையன் இரண்டு வாக்குறுதி கொடுப்பார்: தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதெல்லாம் செய்வேன். வாக்குறுதி கொடுப்பவர் அவர் மட்டும்தான். உங்கள் மகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி.

சிக்கல் உங்கள் நேர அட்டவணையில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தேவாலயத் திருமணத்துக்கு முன்னாலோ பின்னாலோ சம்மதம் தரும் இன்னொரு சமயத் திருமணச் சடங்கை அனுமதிப்பதில்லை. காலையில் ஐயர் முன்னால் தாலி கட்டினால் அது அப்படித்தான் கணக்கெடுக்கப்படும். மண்டபமும் மேளமும் பிடித்து, அட்டை அடித்த பிறகு இது தெரியவந்து இரண்டு குடும்பமும் பாதரோடு சண்டை பிடிப்பது கொழும்பில் புதிதல்ல. இப்போதே மூன்று பேரும் போய் என்ன செய்யலாம், என்ன கூடாது என்று கேளுங்கள். முதல் நாள் வீட்டில் பெரியவர்கள் அறுகரிசி போட்டு ஆசீர்வதிப்பதற்கும் தாலி கட்டுவதற்கும் இடையில் நிறைய இடம் இருக்கிறது.

பதிவுக்கான அறிவித்தலையும் முன்கூட்டியே கொடுங்கள். அதற்குப் பின் 12 நாள் கழிய வேண்டும்.

பிள்ளைகள் விசயத்தை மகளும் பையனும் இருவராக இருந்து பேசட்டும். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அந்த வாக்குறுதியை வாசிச்சியா, பிள்ளை?"

கேள்வி: அம்மாவைச் சாவகச்சேரியிலிருந்து கூட்டிவந்து எங்கள் தொடர்மாடியில் வைத்திருக்கிறோம். அண்ணா கனடாவில், தங்கை லண்டனில். காசு அனுப்புகிறார்கள், அதைவிட அதிகமாக அபிப்பிராயம் அனுப்புகிறார்கள். அம்மாவோ "என்னை ஊருக்கு அனுப்பு" என்கிறா.
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: குடும்ப வட்ஸ்அப் குழுவில் மாத முடிவில் ஒரே ஒரு செய்தி போடுங்கள். மருந்து இவ்வளவு, மருத்துவர் இவ்வளவு, உதவிக்கு வரும் அக்காவின் சம்பளம் இவ்வளவு, மற்றவை இவ்வளவு, வந்தது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. பில்களின் படமும் சேர்த்து. அன்பானவர்களிடம் கணக்குக் காட்டுவது கேவலம் என்று நினைத்துக் காட்டாமல் இருப்பவர்களைத்தான் பிறகு "அம்மாவின்ர காசில வீடு திருத்தினவ" என்று கதைப்பார்கள்.

அதில் இன்னொரு வரியும் இருக்கட்டும்: உங்கள் நேரம். காசாகக் கேட்க வேண்டாம், லீவாகக் கேளுங்கள். வருடத்தில் இரண்டு கிழமை அண்ணாவோ தங்கையோ வந்து அம்மாவோடு நிற்க, நீங்கள் வேறெங்காவது போக வேண்டும். அவர்கள் வரும்போது கல்யாண வீடுகளுக்கும் நல்லூருக்கும் திரிந்துவிட்டுக் கடைசி இரண்டு நாள் அம்மாவோடு இருப்பது இந்தக் கணக்கில் சேராது. மருத்துவ முடிவுகளில் கடைசிச் சொல் யாருடையது என்பதையும் அம்மா தெளிவாக இருக்கும்போதே அவவைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று மூன்று நாட்டு நேரத்தில் வாக்கெடுப்பு நடத்த முடியாது.

அம்மா ஊரைக் கேட்பது வீட்டை மட்டும் இல்லை. அங்கே காலையில் முற்றம் கூட்டியிருப்பா, வேலியால் யாரோடாவது கதைத்திருப்பா, பூ ஆய்ந்திருப்பா. இங்கே எல்லாம் மற்றவர் செய்கிறார்கள். முருங்கை இலை உருவுவது, பயறு புடைப்பது, பேத்திக்குத் தலை பின்னுவது போன்ற இரண்டு மூன்று வேலைகள் அவவுக்கென்றே இருக்கட்டும், பிந்தினாலும் நீங்கள் கையை வைக்காதீர்கள். காலையில் கீழே இறங்கி, ஒரே நேரத்தில் ஒரே கோயிலுக்குப் போகப் பழகினால் ஒரு மாதத்தில் அவவுக்கு அங்கே நாலு பேர் கிடைப்பார்கள். ஊரில் வீட்டைப் பார்க்க ஆள் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் கூட்டிப்போய் வாருங்கள். போகும் திகதி தெரிந்திருந்தாலே பாதிப் புலம்பல் நின்றுவிடும்.

இரவில் படுக்கையிலிருந்து குளியலறை வரை ஒரு சிறிய விளக்கு, குளியலறைச் சுவரில் பிடிகம்பி. பிரஷர் குளிசை எடுப்பவர் என்றால் படுக்கையிலிருந்து எழும்பியதும் ஒரு நிமிடம் விளிம்பில் இருந்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். சடாரென்று எழும்பினால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த முதல் நாலு அடியிலேயே வயதானவர்கள் விழுந்துவிடுவதுண்டு.

கேள்வி: பால்கனியில் அடுப்பு மூட்டக்கூடாது என்று தொடர்மாடி நிர்வாகக் குழு கடிதம் ஒட்டியிருக்கிறது. தைப்பொங்கலை காஸ் அடுப்பில் பொங்கலாமா? போன வருடம் பொங்கவே இல்லை, மாமி அபசகுனம் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தா.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நிர்வாகக் குழு சொல்வது சரி. மேல்மாடிக் காற்றில் விறகுப் பொறி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. காஸ் அடுப்பில் தாராளமாகப் பொங்கலாம்.

பொங்காததற்குச் சகுனம் காரணமில்லை, பானை பெரிது. நாலு பேருக்கு ஒரு கப் பச்சையரிசியை நாலு லீற்றர் பானையில் போட்டால் பால் பாதியோடு நின்றுவிடும், நுரை விளிம்பை எட்டாது. இரண்டு லீற்றர் பானை எடுங்கள். தேங்காயின் இரண்டாம், மூன்றாம் பாலோடு ஒரு கப் பசுப்பாலும் சேர்த்து விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை நிரப்புங்கள். மூட வேண்டாம், அகப்பையால் துழாவவும் வேண்டாம், துழாவினால் நுரை உடையும். தீ முழுதாக இருக்கட்டும். பாலின் மேல் படியும் ஆடை ஆவியை அடக்கி வைத்திருந்து ஒரேயடியாகத் தூக்கும்போதுதான் பொங்கும். தண்ணீர் கூடினால் ஆடை கட்டாது.

பொங்கி வழிந்ததும் தீயைக் குறைத்து, மூன்று கப் பாலை அகப்பையால் எடுத்து வேறு பாத்திரத்தில் வையுங்கள். இப்போதுதான் அரிசிக்கு இடம். கழுவிய அரிசி ஒரு கப்பும் வறுத்துக் குத்திய பயறு கால் கப்பும் போட்டு, குறையக் குறைய எடுத்து வைத்த பாலை விட்டு வேக வையுங்கள். சிவப்புப் பச்சையரிசி என்றால் எல்லாமே தேவைப்படலாம். அரிசியை விரலால் நசித்தால் முழுதாக மசிய வேண்டும், அதற்குப் பிறகுதான் சர்க்கரை, 200 முதல் 250 கிராம் வரை. முந்திப் போட்டால் அரிசி அதோடு நின்றுவிடும், எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது. கடைசியில் ஒரு கப் முதற்பால், ஏலக்காய், நெய்யில் பொரித்த கஜு, பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை). முதற்பால் விட்ட பிறகு கொதிக்க விட்டால் திரைந்து எண்ணெய் பிரியும், சூடேறினால் இறக்கிவிடலாம்.

மண்பானை என்றால் முதல் நாள் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, முதல் ஐந்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். இன்டக்‌ஷன் அடுப்பில் மண்பானையும் பித்தளையும் வேலை செய்யாது. மாமி கிழக்குப் பார்த்து வைக்கச் சொல்லுவா. வெள்ளவத்தையில் கடல் பக்கப் பால்கனி மேற்கு, சூரியன் வருவது படிக்கட்டு யன்னல் பக்கம். பானையை இறக்கி அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் படைத்தால் அவவுக்கும் திருப்தி.

காஸில் கவனிக்க வேண்டியது வழியும் அந்த நொடிதான். பால் வழிந்து தீ அணைந்தாலும் காஸ் வந்துகொண்டே இருக்கும், "பொங்கலோ பொங்கல்" சத்தத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒருவர் கை குமிழிலேயே இருக்க வேண்டும், யன்னல் திறந்திருக்க வேண்டும். தீ அணைந்துவிட்டால் மூடிவிட்டு, மணம் போன பிறகு மற்ற பேர்னரில் தொடருங்கள். பால் வழிந்த பேர்னரை ஆறவிட்டுக் கழற்றி, சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்தித் துப்புரவாக்கி நன்றாகக் காயவைத்தே திரும்பப் பூட்டுங்கள். ஈரத்தோடு பூட்டினால் மறுநாள் தேத்தண்ணிக்கு மஞ்சள் தீ எரிந்து கேத்தல் கரியாகும்.